ஆங்கிலம் தெரிந்தவருக்குச் சீனம் எளிதாக வருமா?

சரக்கு எடுக்கச் சீனம் (மாண்டரின்) படிக்க நினைக்கும் மதுரை வியாபாரி ஒருவர், ஆங்கிலம் கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறார். வாக்கிய அமைப்பில் ஓரளவு கைகொடுக்கும். இரண்டிலும் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்பதே அடிப்படை வரிசை. சீன வினை காலத்துக்காக உருமாறாது என்பது கூடுதல் வசதி.

ஆனால் 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை ஆங்கிலம் புரட்டிப் போடும். சீனம் நம் வரிசையிலேயே 'சுவோதியன் மாய் த ஷூ' என்னும். இங்கே தமிழில் யோசியுங்கள்.

பெரும்பாலோர் இடறுவது தொனியில்தான். 'மாய்' என்பதைத் தாழ்த்திச் சொன்னால் வாங்குவது. மேலிருந்து சடாரென இறக்கினால் விற்பது. கேள்வி கேட்கும்போது நாம் பழக்கத்தில் குரலை ஏற்றிவிடுவோம், பொருளே கெட்டுவிடும். கடைசியில் 'மா' சேர்த்தால் கேள்வியாகிவிடும். வினையின் தொனியைத் தொடாதீர்கள்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. பெய்ஜிங்கின் முதல் ஒலி 'பழம்' என்பதில் வரும் நம் 'ப'தான், 'பஸ்' என்பதில் வரும் அதிரும் ஒலி அல்ல. இதற்கு இணையான மூச்சொலியும் சீனத்தில் தனியாக உண்டு. வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துப் பழகுங்கள்: முதலாவதற்குக் காகிதம் அசையக்கூடாது, மற்றதற்குப் படபடக்க வேண்டும்.

எழுத்துக்குக் குறுக்குவழி இல்லை. அன்றாடப் பட்டியலிலேயே 3,500 எழுத்துகள். பேச்சுக்குப் பின்யின் (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறை) போதும், தொனிக்குறி போட்ட புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள்.