ஹார்ட்கோரில் செத்த உலகம்: கட்டளை ஏன் ஏற்கவில்லை?

மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டின் ஹார்ட்கோர் முறையில் (ஒருமுறை செத்தால் திரும்ப எழும்ப முடியாத முறை) செத்துவிட்டேன், மீண்டும் விளையாட அடித்த கட்டளை ஏற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த உலகத்தை அழிக்காமல் பார்வையாளராக உள்ளே நிற்கிறீர்கள் என்றால் மீட்கலாம், தம்பி. மைன்கிராஃப்ட் உங்கள் 'கேம்மோட் சர்வைவல்' கட்டளையை ஏற்காததற்குக் காரணம் பெரும்பாலும் சீட்ஸ் (cheats, இப்படியான கட்டளைகளுக்கு அனுமதி) மூடியிருப்பதுதான். ஹார்ட்கோர் உலகம் அப்படித்தான் தொடங்கும்.

முதலில் உலகங்கள் சேமிக்கப்படும் சேவ்ஸ் (saves) கோப்புறையில் அந்த உலகத்தை நகலெடுத்து வையுங்கள். அப்புறம் எஸ்கேப் அழுத்தி, 'ஓப்பன் டு லான்' (Open to LAN) போய், சீட்ஸை ஆன் செய்து, அதே கட்டளையைத் திரும்ப அடித்துப் பாருங்கோ. பெயர்தான் லான் (கணினிகளை இணைக்கும் உள்ளூர் வலை); இரண்டாவது கணினி தேவையில்லை. கொக்குவிலில் மருமகனின் பழைய லேப்டொப்பில் இதைத்தான் செய்தேன். (செத்தவன் எழும்பினால் அது ஹார்ட்கோரா என்று அவனே கேட்டான்!)

இந்த வழி மைன்கிராஃப்டின் ஜாவா (கணினிப்) பதிப்புக்கு மட்டும். லாவாவில் (எரிமலைக் குழம்பில்) விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள்: நெதரைட் (லாவாவில் எரியாத உலோகம்) சாமான் தப்பியிருக்கலாம், வைரக் கவசம் போச்சு. தப்பிய சாமானும் 5 நிமிடந்தான் கிடக்கும், பிறகு மறைந்துவிடும். மறுபடி செத்தால் இதே கதைதான்.