திரை வழியே சாட்சியம்: கேள்வி பதில்

ஆட்கடத்தலுக்கு உள்ளானவர்கள் நீதிமன்றத்துக்கு நேரே வராமல் காணொளி வழியாகச் சாட்சி சொல்வது பற்றி வந்த கேள்விகள் இவை. கொழும்பில் இவ்வகை வழக்குகளில் சாட்சிகளைத் தயார்ப்படுத்தும் சட்டத்தரணி ஒருவர் பதில் தருகிறார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்: மகளை ஏமாற்றி அனுப்பின ஏஜென்சிக்காரன் பக்கத்து ரோட்டிலதான் இருக்கிறான். அவன்ட முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு ஏலாது. அளுத்கடைக் கோர்ட்டுக்குப் போகாமல் சொல்ல வழி இருக்கா?

இருக்கிறது அம்மா. 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி திறந்தது. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்திலும் அந்த வழி உண்டு. ஆனால் நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். வழக்கை நடத்தும் அரச சட்டத்தரணியிடம் இப்போதே சொல்லுங்கள். வழக்குத் தவணைக்கு முதல் நாள் சொன்னால் யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது. "பயமாக இருக்கிறது" என்ற ஒரு வரி போதாது. யார், எந்தத் திகதியில், எங்கே வைத்து, என்ன சொன்னான் என்று எழுதிக் கொடுங்கள். மிரட்டி வந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்க வேண்டாம். சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம். ஒன்றை மறக்காதீர்கள்: அனுமதிக் கட்டளை கைக்கு வரும்வரை அழைப்பாணை அழைப்பாணைதான். வராமல் விட்டால் மகள் மேலேயே பிடியாணை வரலாம்.

குவைத்திலிருந்து: நான் தங்கியிருக்கிற அறையிலிருந்தே போனில் சொல்லலாமா?

வேண்டாம் தங்கச்சி. நீதிமன்றம் குறிக்கும் இடத்திலிருந்து, பொறுப்பான அலுவலர் ஒருவர் முன்னிலையில்தான் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் என்றால் இலங்கைத் தூதரகம்தான் பொருத்தமான இடம். கதவுக்குப் பின்னால் நின்று யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம் எழுந்தால், உண்மையான சாட்சியமும் வலுவிழந்து போகும். கொழும்பில் காலை 9.30 என்றால் உங்களுக்கு 7.00. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, இங்கே வெள்ளிக்கிழமை நீதிமன்றம் நடக்கும். தவணை குறிக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு சமூக சேவை உத்தியோகத்தர்: அறையை எப்படித் தயார் செய்வது?

படத்தைவிடச் சத்தம்தான் முக்கியம். படம் ஒரு நொடி உறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு சொல் விழுந்துபோனால் பதிவே பிழைத்துவிடும். வைஃபையை நம்பாமல் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுங்கள், யூ.பி.எஸ். ஒன்றும் வையுங்கள். மேசை மைக்கைச் சாட்சிக்கு ஒரு முழத்துக்குள் வைத்து, மின்விசிறியைத் தள்ளி வையுங்கள். ஒரு கமரா முகத்துக்கு. இன்னொன்று கதவும் மேசையும் தெரியும்படி, அறையில் வேறு யாரும் இல்லை என்று நீதிபதி தானே பார்க்க. சாட்சி தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதபடி அந்தச் சிறு கட்டத்தை மறைத்துவிடுங்கள். கேள்வி முடிந்ததும் மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டுப் பதில் சொல்லப் பழக்குங்கள். இணைப்பு தாமதிப்பதால் எதிர்த்தரப்பின் ஆட்சேபமும் சாட்சியின் பதிலும் மோதிக்கொள்ளும். தலையாட்டினால் பதிவேறாது, "ஓம்", "இல்லை" என்று வாயால் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பில் இன்னும் கவனம் வேண்டும். "கூட்டிட்டுப் போனாங்க" என்று ஒரு பெண் சொல்கிறாள். போனது மரியாதைக்குரிய ஒருவரா, பலரா? சிங்களத்தில் அது பலர் என்று பதிவாகி, பொலிஸ் வாக்குமூலத்தில் ஒருவர் என்று இருந்தால், குறுக்கு விசாரணையில் அதுவே முரண்பாடாக நீட்டப்படும். ஆளைச் சொல்லி, எத்தனை பேர் என்றும் சொல்லச் சொல்லுங்கள். என்ன சொல்வது என்று மட்டும் ஒருபோதும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இளம் சட்டத்தரணி ஒருவர்: எதிரியை, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரை, அடையாளம் காட்டுவது எப்படி? ஆவணங்களை என்ன செய்வது?

எதிரி சாட்சியின் திரையில் முழு நேரமும் தெரியத் தேவையில்லை. அடையாளம் காட்டும் கட்டத்தில் மட்டும் கமராவைத் திருப்ப முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அந்தக் கணம் வரப்போகிறது என்று சாட்சிக்கும் சொல்லி வையுங்கள். ஒப்பந்தம், கடவுச்சீட்டுப் பிரதி, பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டு, முத்திரையிட்ட உறையில், சாட்சியின் பக்கத்தில் இருக்கும் பொறுப்பான அலுவலருக்கு முன்பே அனுப்புங்கள். கமரா முன் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து "இது உங்கள் கையெழுத்தா" என்று கேட்டால் எதுவும் தெரியாது.

பெயர் வேண்டாம்: நான் விரும்பித்தானே கையெழுத்துப் போட்டுப் போனேன். அதைக் கேட்டால் வழக்கு போயிடுமா?

போகாது. தண்டனைச் சட்டக்கோவையின் 360சீ பிரிவு ஆட்கடத்தலைக் குற்றமாக்குகிறது. இலங்கை 2015இல் ஏற்ற, ஆட்கடத்தலைத் தடுப்பதற்கான ஐ.நா.வின் பலெர்மோ நெறிமுறையின்படி, ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதம் சம்மதமாகாது. போனதை மறைக்காதீர்கள். என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று சொன்னார்கள், போன இடத்தில் என்ன நடந்தது என்பதை அப்படியே சொல்லுங்கள். மியன்மாரின் மியாவடியில் உள்ள இணைய மோசடி முகாம்களுக்கு ஏமாற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கும் இதே பதில்தான்.

இடையில் இணைப்பு அறுந்தால்?

நாற்காலியை விட்டு எழும்ப வேண்டாம், யாரோடும் சாட்சியம் பற்றிப் பேச வேண்டாம். இணைப்பு அறுந்த நேரத்தை அலுவலர் எழுதிக்கொள்வார். திரும்ப வந்ததும் கடைசிக் கேள்வியை முழுதாகக் கேட்கச் சொல்லுங்கள், பாதி கேட்ட கேள்விக்கு ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். களைத்துப்போனால் இடைவேளை கேட்கலாம், நீதிபதியைப் பார்த்தே கேளுங்கள்.