கார்ட்ரிட்ஜ் பாகத்தைப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை கேட்டேன். பரிசோதனை அறிக்கை எதிராக வந்துவிட்டது. விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். அந்த அறிக்கையை நீங்களே உட்கார்ந்து ஒரு முறை வரிவரியாகப் படிக்கும்வரையாவது விட்டுவிடாதீர்கள்.

லேசர் பிரிண்டர் கார்ட்ரிட்ஜில் ஒரு பாகத்தைப் பொருத்தும் முறைக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டி, 'துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது' என்று அறிக்கை வந்திருக்கிறது. ஏஜென்ட் கைவிடச் சொல்கிறார். கேள்வியில் இவ்வளவுதான் இருக்கிறது. நீங்கள் ரீஃபில் கடை வைத்திருப்பவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரிய கம்பெனி ஆளாக இருந்தால் இதை இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் வக்கீல் இல்லை, காப்புரிமை ஏஜென்ட்டும் இல்லை. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் 14 வருடமாக ஜெராக்ஸ், கார்ட்ரிட்ஜ் ரீஃபில் கடை நடத்துகிறேன். சட்டம் படித்தவர்கள் நான் எழுதுவதில் பிழை கண்டால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 'ஜெராக்ஸ் கடைக்காரிக்கு எதற்கு இந்த வேலை' என்று எழுத வருபவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன். அதை நேரிலேயே நிறையக் கேட்டாகிவிட்டது. 2024இல் என் பெயரில் ஒரு பொருத்தும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன் உங்களுக்கு வந்த மாதிரி அறிக்கைதான் எனக்கும் வந்தது.

என் விஷயம் வைப்பர் பிளேடு. டிரம் என்கிற உருளையில் இருந்து தாளுக்குப் போகாமல் மிஞ்சும் டோனரை, அதாவது மைத்தூளை, வழித்து வேஸ்ட் பெட்டிக்குள் தள்ளுகிற பிளேடு அது. ஒரு தகடு, அதில் ஒட்டிய பாலியூரித்தேன் பட்டை, இரண்டு பக்கமும் இரண்டு திருகு. பட்டையின் இரு முனையிலும் சின்னதாக ஒரு ஃபோம் துண்டு இருக்கும். டோனர் பக்கவாட்டில் கசியாமல் அடைப்பது அதுதான். ஹெச்பி பிரிண்டரின் 12ஏ கார்ட்ரிட்ஜைத் திறந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே ஒடுங்கிய தீவு. கச்சான் காற்று அடித்தாலும் உப்பு, வாடை அடித்தாலும் உப்பு. ஃபோமை ஒட்டுகிற இரட்டைப் பக்க டேப் மழைக்காலத்தில் ஈரம் குடித்து நெகிழ்ந்துவிடும். நெகிழ்ந்த ஃபோமின் மேல் புது பிளேடை இறக்கினால் ஃபோமின் கீழ் ஓரம் உள்பக்கமாக மடங்கிவிடும். மடிப்பு வெளியே தெரியாது. இரண்டு நாள் கழித்துத் தாளின் ஓரத்தில் கறுப்புக் கோடு விழும். படகுக்காரர் ஒருவர் ஆதார் நகலில் அந்தக் கோட்டோடு அலுவலகம் போய், தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, வெயிலில் நடந்து என் கடைக்கே மறுபடி வந்து நின்றார். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பாம்பனில் படகு இன்ஜின் பார்க்கும் என் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். கையில் ஒரு ஆயில் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், வைத்திருந்தார். "ரப்பரை அப்படியே தள்ளுனா உதடு கிழியத்தானம்மா செய்யும். தாளைக் குடுத்து எறக்கு" என்றார். சுழலும் தண்டான ஷாஃப்டில், சாவிக்கட்டைக்காக வெட்டிய குழியில் சீலின் உதடு மாட்டிக் கிழியாமல் இருக்க, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் சீலை வழுக்கி இறக்கிவிட்டுத் தாளை உருவிவிடுவார்கள். மெக்கானிக்குகள் காலங்காலமாகச் செய்வது.

கடையில் ஸ்பைரல் பைண்டிங்குக்கு முன்பக்கம் போடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட் கிடந்தது. விரலகலத்துக்கு இரண்டு பட்டை வெட்டினேன். ஃபோமைப் பெட்டியில் ஒட்டாமல் பிளேடின் முனையிலேயே வைத்து, ஃபோமுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே பட்டையைக் கொடுத்து இறக்கினேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. திருகுகளை முழுக்க இறுக்கிவிட்டுப் பட்டையை உருவினால் ஃபோமும் கூடவே இழுபட்டு வந்தது. இறுக்காமலே உருவினால் பிளேடு ஆடி, ஃபோம் பழையபடி மடங்கியது. ஒரு வாரம் இதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பிடிபட்டது இதுதான்: திருகின் தலை தகட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அந்த நிலையில் பட்டையை வெளிப்பக்கமாக, டிரம் படுக்கும் திசையிலேயே உருவ வேண்டும். உருவும்போது ஃபோம் மெல்ல உப்பிச் சுவரைக் கவ்வுவது கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கால் சுற்று இறுக்க வேண்டும். பழைய முறையில் 20, புது முறையில் 20 என்று என் கடை மெஷின்களிலேயே ஓட்டி நோட்டில் குறித்தேன். பழையதில் 7 கசிந்தன, புதியதில் 1. வெளியே யாரிடமும் காட்டவில்லை, வீடியோவும் போடவில்லை. நீங்களும் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். விண்ணப்பத்துக்கு முன்பே பொதுவில் வந்துவிட்டால் புதுமை போய்விடும்.

2022 செப்டம்பரில், கண்டுபிடிப்பை விவரிக்கும் தற்காலிக விவர அறிக்கையைத் தாக்கல் செய்தேன். தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய். 12 மாதத்துக்குள் முழு விவர அறிக்கை கொடுக்க வேண்டும். 2023 ஜூலையில் கொடுத்து, கூடவே விரைவுப் பரிசோதனையும் கேட்டேன். விண்ணப்பதாரர் பெண் என்றால் அதைக் கேட்கலாம் என்று 2019இல் விதி வந்தது. படிவம் 18ஏ, தனிநபருக்கு 8,000 ரூபாய். அதோடு விண்ணப்பத்தை முன்கூட்டியே வெளியிடக் கேட்கும் படிவம் 9க்கு 2,500. 'பெண் என்பதால் சலுகையில் வாங்கினாள்' என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். சலுகை வரிசையில் சீக்கிரம் கூப்பிடுவதற்கு மட்டும்தான். பரிசோதனை எல்லாருக்கும் ஒன்றுதான்.

முதல் பரிசோதனை அறிக்கை 2023 அக்டோபரிலேயே வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது 2024 பிப்ரவரியில். நான் அமர்த்தியிருந்த வெளியூர் ஏஜென்ட் நான்கு மாதம் அதைத் தன்னிடமே வைத்திருந்தார். பதில் சொல்ல அறிக்கை தேதியிலிருந்து 6 மாதம்தான், படிவம் 4 கொடுத்தால் இன்னும் 3 மாதம். அதற்குள் பதில் போகாவிட்டால் சட்டப்படி கைவிடப்பட்டதாகிவிடும். பிப்ரவரியில் போன் பண்ணி, "இது தேறாதும்மா, பதில் எழுதணும்னா 40,000 ஆகும், விட்டுடுங்க" என்றார். உங்கள் கேள்வியில் 'ஏஜென்ட் கைவிடச் சொல்கிறார்' என்று பார்த்ததும் எனக்கு எங்கே சுட்டது என்று இப்போது புரியும். எல்லா ஏஜென்ட்டும் இப்படி என்று சொல்லவில்லை. உங்கள் விண்ணப்ப எண் உங்களிடம் இருக்கிறது. காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளத்தில் போட்டால் நிலை என்ன, என்ன கடிதம் வந்தது என்று நீங்களே பார்க்கலாம். இது எனக்கு அப்போது தெரியாது.

எனக்கு வந்த ஆட்சேபம் மூன்று. முதலாவது இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டியது. முதல் ஆவணம் ஒரு கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளருடையது. ஃபோமைப் பெட்டியின் சட்டகத்தில் ஒட்டிவிட்டு அதன்மேல் பிளேடைத் திருகுவது. இரண்டாவது ஆவணம் இயந்திரத் துறை. மெல்லிய உறை வைத்து ரப்பர் சீலை இறக்குவது. சித்தப்பா சொன்ன அதே விஷயம்! இரண்டையும் சேர்த்தால் உன் முறை வந்துவிடும், ஆகவே 'கண்டுபிடிப்புப் படி', அதாவது துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாத புது முன்னேற்றம், இல்லை என்றார்கள். இரண்டாவது ஆட்சேபம், காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(எஃப்): ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், தெரிந்த விதத்தில் இயங்கும் தெரிந்த கருவிகளை வெறுமனே அடுக்குவதும் மாற்றி அடுக்குவதும் கண்டுபிடிப்பு ஆகாது. மூன்றாவது, எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் உரிமைக்கோரலில் 'பகுதியளவு இறுக்குதல்' என்று இருப்பது தெளிவாக இல்லை, எவ்வளவு என்று சொல்.

முதலில் படித்தபோது அழுகை வந்தது. மூன்றாம் முறை படித்தபோது, பரிசோதித்த அதிகாரியான எக்ஸாமினர் என் முறை வேலை செய்யாது என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை என்று கவனித்தேன். ஏற்கெனவே எழுதிவைத்திருப்பதிலிருந்து உன்னுடையது எங்கே விலகுகிறது, காட்டு என்கிறார். அவ்வளவுதான்.

விலகும் இடம் என் உரிமைக்கோரலில் இல்லை. ஏஜென்ட் அதை 'நீக்கக்கூடிய பட்டையைப் பயன்படுத்தி வைப்பர் பிளேடைப் பொருத்தும் முறை' என்று அகலமாக எழுதியிருந்தார். அப்படி எழுதினால் முதல் ஆவணமும் இரண்டாவதும் சேர்ந்து அதை விழுங்கத்தான் செய்யும். ஆனால் விவர அறிக்கையின் உள்ளே, உதாரணம் என்ற இடத்தில், என் நோட்டிலிருந்த வரி அப்படியே இருந்தது: திருகின் தலை தகட்டைத் தொட்டதும் நிறுத்துதல், பட்டையை டிரம் அச்சுத் திசையில் வெளியே உருவுதல், பிறகு கால் சுற்று இறுக்குதல். இது தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னபோது நான்தான் பிடிவாதமாக வைக்கச் சொன்னேன். அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது. ஏனென்றால் பிரிவு 59படி, விவர அறிக்கையில் முதலில் இல்லாத எதையும் பிறகு திருத்தத்தில் புதிதாகக் கொண்டுவர முடியாது. உள்ளே இருப்பதை எடுத்து உரிமைக்கோரலைச் சுருக்கலாம்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். உங்கள் விவர அறிக்கையை எடுங்கள். வேலை செய்யும்போது கை மட்டும் அறிந்த அந்தச் சின்ன நுணுக்கம், எதை முதலில், எதை அடுத்து, எங்கே நிறுத்துவது என்பது அதில் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பொருத்தும் முறைக்கு உயிர் வரிசையில்தான் இருக்கிறது. பாகங்கள் எல்லாம் பழையவையாகத்தான் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. காப்புரிமை ஆவணங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஃபோம் உப்புவதை, மடங்குவதை, கவ்வுவதை எனக்குத் தமிழில் ஒரே மூச்சில் சொல்லத் தெரியும். அதை ஆங்கிலத்தில் சொல்ல ராமநாதபுரத்தில் பொறியியல் படிக்கும் அண்ணன் மகளோடு 11 ராத்திரி உட்கார்ந்தேன். "அத்தை, கவ்வுறதுக்கு இங்கிலீஷ்ல எந்த வார்த்தை போட்டாலும் சரியா வரலை" என்று அவள் அழாத குறை. கையால் வேலை செய்கிறவர்கள் நாட்டில் எத்தனை மொழியில் யோசிக்கிறார்கள்? தமிழில் தாக்கல் செய்து, மொழிபெயர்ப்பைப் பிறகு கொடுக்கவாவது வழி வேண்டும்.

அப்புறம் இந்தக் கூரியர்காரர்கள். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ரயில் அக்கரையிலுள்ள மண்டபத்தோடு சரி. ரயில் நின்றதே தவிர ரோடு பாலம் திறந்துதான் இருந்தது. ஆனாலும் ஒரு கூரியர் நிறுவனம் 'தீவுப் பகுதி, போக்குவரத்து இல்லை' என்று எழுதி என் டிரம் பார்சல்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. ராமநாதபுரம் போய் வாங்கி வந்தால் உறை கிழிந்து வெளிச்சம் பட்டிருக்கும். வெளிச்சம் பட்ட டிரம்மை வைத்து என்ன செய்வது? இதைக் கேட்க ஒரு ஆள் இல்லை.

சரி, பதிலுக்கு வருகிறேன். உரிமைக்கோரலில் அந்த மூன்று படியையும் வரிசையோடு சேர்த்தோம். 'பகுதியளவு' என்பதை எடுத்துவிட்டு, 'திருகின் தலை தகட்டைத் தொடும்வரை' என்று போட்டோம். 20க்கு 7, 20க்கு 1 கணக்கைப் பட்டியலாக வைத்தோம். 3(எஃப்)க்கு, இங்கே ஒரு படியும் தனியாக இயங்கவில்லை, பட்டை உருவப்பட வேண்டும் என்பதால்தான் பாதியில் நிறுத்துகிறோம், பாதியில் நிறுத்தியதால்தான் ஃபோம் உப்ப இடம் கிடைக்கிறது என்று எழுதினோம்.

ஜூலையில் ஹியரிங், அதாவது விசாரணை. சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு ஓர் இரவுப் பயணம் போக வேண்டியிருக்கும் என்று பயந்தேன். வீடியோவிலேயே நடந்தது. முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் நேரே கேட்டார்: தாளைக் கொடுத்து சீலை இறக்குவது எந்த மெக்கானிக்குக்கும் தெரியுமே? தெரியும், என் சித்தப்பாவே செய்வார் என்றேன். அப்படி ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று வக்கீல்கள் திட்டலாம். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அங்கே சீல் முழு வடிவத்தோடு இருக்கிறது, குழியைத் தாண்டியதும் தாளின் வேலை முடிந்தது. இங்கே ஃபோம் நசுங்கிய நிலையில் இருக்கும்போது, இரண்டு இறுக்கங்களுக்கு நடுவில் உருவுகிறோம், உருவுகிற செயலே அடைப்பை உண்டாக்குகிறது என்றேன். ஒரு பழைய பெட்டியைக் கேமரா முன்னால் பிடித்து, பட்டையை உருவிக் காட்டினேன். அவர் இன்னொரு முறை காட்டச் சொன்னார். 15 நாளுக்குள் எழுத்து மூலமாகவும் கொடுத்தோம். செப்டம்பரில் வழங்கினார்கள்.

கிடைத்தது குறுகிய உரிமைதான். திருகை முதலிலேயே முழுக்க இறுக்குகிறவரை நான் ஒன்றும் செய்ய முடியாது. அதைச் சொல்லிச் சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். நான் செய்வது என்னவோ அதற்கு மேல் எனக்கு வேண்டாம். ஒருவேளை உங்களுக்கு மறுப்பாகவே வந்தாலும் 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது.

உங்கள் அறிக்கையின் தேதியைக் கேள்வியில் எழுதவில்லை. இன்று ராத்திரியே அதைப் பாருங்கள். உங்கள் கைக்கு வந்த தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அறிக்கையின் மேலே இருக்கும் தேதியிலிருந்து 6 மாதம். பார்த்துவிட்டுக் கீழே கருத்தில் போடுங்கள். உங்கள் முறையின் விவரத்தை மட்டும் அங்கே எழுத வேண்டாம்.