போர்டு கேம், கார்டு கேம் பக்கம் புதிதாக வருகிறேன். எது எனக்குச் சரிவரும் என்று எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

மதிப்பெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். போர்டுகேம்கீக் தளத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் இருக்கும். எவ்வளவு சிக்கலானது என்பதற்கு ஐந்துக்கு இத்தனை என்று இன்னொன்றும் இருக்கும். உங்களுக்கு உதவப்போவது இரண்டாவதுதான். மதிப்பெண் போடுகிறவர்களில் பலர் இதிலேயே ஊறியவர்கள், மூன்று மணி நேர விளையாட்டைத் தேடிப்போய் ஆடுகிறவர்கள். அவர்கள் கொண்டாடுவது, முதல்முறையாக உட்காரும் நான்கு பேருக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை.

அந்த மதிப்பெண்ணைவிட ஜெர்மனியின் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ விருது நல்ல வழிகாட்டி. 1979 முதல் கொடுக்கிறார்கள். கேட்டன் (1995), கார்கசோன் (2001), டிக்கெட் டு ரைடு (2004), ஹனாபி (2013), அசூல் (2018) எல்லாம் அதை வென்றவை. கொஞ்சம் சிக்கலான விளையாட்டுகளுக்கு 2011 முதல் ‘கென்னர்ஷ்பீல்’ என்று தனி விருது இருக்கிறது.

இனி, ஒப்பிடுவது. எந்த விளையாட்டைப் பற்றிப் படித்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அடுத்தவர் ஆடும்போது நான் என்ன செய்துகொண்டிருப்பேன்? எத்தனை பேர் ஆடலாம், எவ்வளவு நேரம் ஆகும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். இந்தக் கேள்விக்கு மட்டும் விதிகளைப் படித்தால்தான் விடை கிடைக்கும்.

கேட்டனில் யார் பகடையை உருட்டினாலும், அந்த எண்ணுள்ள நிலத்தின் ஓரத்தில் வீடு கட்டிய எல்லோருக்கும் பொருள் கிடைக்கும். போதாததற்குப் பேரம் வேறு. செங்கல் கொடு, கம்பளி தருகிறேன் என்று ஒருவர் முறையில் மற்றவர்களும் பேசிக்கொண்டே இருப்பார்கள். கார்கசோன் அப்படியில்லை. ஓர் ஓடு (நகரம், சாலை வரைந்த சதுர அட்டை) எடுப்பது, பொருத்தமான இடத்தில் வைப்பது, ஒருவர் முறையில் அவ்வளவுதான். இருவர் ஆடினால் அது கூர்மையான மோதல். எதிராளி கட்டிக்கொண்டிருக்கும் நகரத்தை முடிக்கவிடாமல் ஓர் ஓடு வைத்து அடைக்கலாம். ஐந்து பேர் என்றால் உங்கள் முறை வருவதற்குள் பலகை மாறிப்போயிருக்கும், நீங்கள் போட்ட திட்டமும் போயிருக்கும். ‘2 முதல் 5 பேர் வரை’ என்று பெட்டியில் இருப்பது உண்மைதான், ஆனால் இரண்டு பேருக்கும் ஐந்து பேருக்கும் அது ஒரே விளையாட்டு அல்ல.

காத்திருப்பதே இல்லாத விளையாட்டுகளும் உண்டு. 1994இல் வொல்ஃப்கேங் கிராமர் உருவாக்கிய ‘6 நிம்ட்’ எனக்கு மிகவும் பிடித்தது. 1 முதல் 104 வரை எண்ணிட்ட சீட்டுகள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேர்ந்தே திருப்ப வேண்டும். மேசையில் நான்கு வரிசை, திருப்பிய சீட்டுகள் அவற்றில் போய்ச் சேரும். ஒரு வரிசையில் ஆறாவது சீட்டு யாருடையதோ அவர் அதில் ஏற்கெனவே இருந்த ஐந்தையும் எடுத்துக்கொள்வார், எடுத்தது எல்லாம் அபராதப் புள்ளி. விதிகளைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். பத்துப் பேர் வரை ஆடலாம்.

இரண்டாவதாக அதிர்ஷ்டத்தைப் பார்ப்பேன். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது முக்கியம். நீங்கள் முடிவெடுப்பதற்கு முன்னால் பகடை விழுந்தால், கிடைத்ததை வைத்து யோசிக்கலாம். முடிவெடுத்த பிறகு விழுந்தால், நன்றாக யோசித்ததும் ஒரே உருட்டலில் வீணாகலாம். சிலருக்கு அந்தப் பதற்றம்தான் வேண்டும், அதில் தப்பேயில்லை. நகரங்களில் நோய் பரவுவதைத் தடுக்கும் பாண்டமிக் (2008) அதிர்ஷ்டத்தை அழகாகக் கையாள்கிறது. ‘எபிடெமிக்’ சீட்டு வந்ததும், ஏற்கெனவே நோய் பரவிய நகரங்களின் சீட்டுகளைக் கலைத்து அடுக்கின் மேலேயே வைக்க வேண்டும். அதே நகரங்கள் திரும்ப வரும் என்று எல்லோருக்கும் தெரியும், எந்த வரிசையில் என்றுதான் தெரியாது.

பாண்டமிக் எல்லோரும் ஒரே அணியாக ஆடுவது. அனுபவசாலி ஒருவர் இருந்தால் “நீ இங்கே போ, நீ அதைச் செய்” என்று அவரே எல்லோருக்குமாக ஆடிவிடுவார். உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் ஹனாபியைப் பாருங்கள், அதுவும் ஒரே அணியாக ஆடுவதுதான். அதில் உங்கள் சீட்டு மற்றவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. குறிப்பு கொடுப்பதற்கும் அளவு உண்டு. அதனால் ஒருவர் தலைமை தாங்கவே வழியில்லை. ‘தி க்ரூ’வும் அந்த வகைதான். துருப்பு வைத்துச் சீட்டாடத் தெரிந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும், ஆனால் எல்லோரும் ஒரே கட்சி: இந்தச் சீட்டை இவர்தான் பிடிக்க வேண்டும் என்று பணி வரும், அதை வாய்திறக்காமல் முடிக்க வேண்டும். 2020இல் கென்னர்ஷ்பீல் விருது வாங்கியது.

அட்டைப்படத்தையும் பொம்மைகளையும் வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். காசு கொடுப்பதற்கு முன் போர்டுகேம்அரீனா தளத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்; உலாவியிலேயே ஆடிப் பார்க்கலாம். ஒரே ஆட்டத்தில் தீர்ப்பும் சொல்லிவிடாதீர்கள். முதல் ஆட்டம் விதிகளைப் பழகுவதிலேயே போய்விடும். அசூல் முதல்முறை அழகாக ஓடு அடுக்குவது போலத்தான் இருக்கும். வேண்டாத ஓடுகளை எதிராளி தலையில் கட்ட முடியும் என்று இரண்டாம் மூன்றாம் முறைதான் புரியும். அப்புறம் அது வேறு விளையாட்டு.

எதில் தொடங்குவது என்றால், கூட்டமாக உட்காருவீர்கள் என்றால் ‘6 நிம்ட்’, மூன்று நான்கு பேர் என்றால் ‘தி க்ரூ’, பெரும்பாலும் இருவர்தான் என்றால் கார்கசோன்.