மூக்கோரப் புண்ணும் மோஸ் அறுவையும்: வாசகர் கேள்விகள்

குமரி மாவட்ட வாசகர்கள் தோல் புற்றுநோய் அறுவை பற்றி அனுப்பிய கேள்விகளில் சில. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு 68 வயசு. குளச்சலில் கடலுக்குப் போன ஆள். மூக்கோரம் மச்சம் மாதிரி கறுப்பா ஒண்ணு. முகம் துடைச்சா ரத்தம் வரும், பொருக்கு தட்டும், மறுபடி வரும். பயாப்சியில் பேசல் செல் கார்சினோமான்னு வந்திருக்கு. இங்குள்ள டாக்டர் வெட்டித் தைச்சிரலாம்ங்காரு. துபாயில் இருக்கிற தம்பி மோஸ் சர்ஜரிதான் செய்யணும்னு ஒத்தைக் காலில் நிக்கான். யாரு சொல்லுகது சரி?

முதலில் ஒரு ஆறுதல். பேசல் செல் என்ற இந்தத் தோல் புற்று உடம்பின் வேறு இடத்துக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். அது செய்கிற அநியாயமெல்லாம் இருக்கிற இடத்தில்தான். மூக்கு, இமை, காது என்று வருடக்கணக்கில் அரித்துக்கொண்டே போகும். நம் நிறத்துத் தோலில் அது பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால் மச்சம் என்று விட்டுவிடுகிறோம்.

வழக்கமான அறுவையில், கண்ணுக்குத் தெரியும் கட்டியைச் சுற்றி 4 மி.மீ. அளவு நல்ல தோலையும் சேர்த்து எடுத்துத் தைத்துவிட்டு, சதையை லேபுக்கு அனுப்புவோம். அங்கே அதை நேந்திரங்காயை சிப்ஸுக்குச் சீவுவதுபோல் சீவி, சில துண்டுகளை மட்டும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இரண்டு சீவலுக்கு நடுவே புற்றின் வேர் ஓடியிருந்தால் தெரியாமல் போகலாம். மொத்த விளிம்பில் 1 சதவீதம்கூட இப்படிக் கண்ணில் படுவதில்லை. மோஸ் முறையில், காயின் தோலை உரித்துத் தட்டையாக விரிப்பதுபோல, எடுத்த சதையின் ஓரமும் அடியும் முழுக்கப் பார்வைக்கு வரும்.

நடப்பது இதுதான். மரத்துப்போகும் ஊசி போட்டு, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, மெல்லிய அடுக்காக எடுப்பார்கள். எந்தப் பக்கம் எது என்று தெரிய ஓரங்களில் சாயம் தடவி, படம் வரைந்துகொள்வார்கள். சதையை உறைய வைத்து ஸ்லைடு தயாராகும்வரை அப்பா கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பார். வெட்டிய டாக்டரே ஸ்லைடைப் பார்ப்பார். எங்காவது புற்று மிச்சமிருந்தால், படத்தில் அந்த இடம் எதுவோ அங்கே மட்டும் இன்னொரு அடுக்கு. சுத்தமான பிறகுதான் தையல். அதனால் நல்ல தோல் வீணாவதில்லை. மூக்கோரத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு.

நெதர்லாந்தில் முகத்து பேசல் செல் நோயாளிகளை 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல்முறை வந்த கட்டிகளில் வழக்கமான அறுவைக்குப் பிறகு 12.2 சதவீதமும், மோஸுக்குப் பிறகு 4.4 சதவீதமும் திரும்பி வந்தன. ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்த கட்டிகளில் இது 13.5-க்கு 3.9. புள்ளியியல் கணக்கில் உறுதியாக நின்றது இந்த இரண்டாவது வித்தியாசம்தான். ஆகவே தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, மூக்கோரம் மோஸுக்கே உரிய இடம். உள்ளூர் டாக்டர் சொல்வதும் தப்பில்லை. ஓரம் தெளிவாகத் தெரிகிற சின்னக் கட்டி என்றால் அவர் வழியிலும் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

மோஸ் பக்கத்தில் எங்கும் இல்லையாம். அவ்வளவு தூரம் அலையாம வேற வழி உண்டா? (தக்கலை)

உண்டு, ஆனால் பலரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். மோஸ் பழகிய டாக்டர்கள் நம் நாட்டிலேயே குறைவு. அது கிடைக்காத இடத்தில் கட்டியை எடுத்துவிட்டு, புண்ணைத் தைக்காமல் கட்டுப்போட்டு வைத்து, விளிம்பு சுத்தம் என்று ரிப்போர்ட் வந்த பிறகு மூடலாம். சில நாள் பொறுமை, டிரெஸ்ஸிங் செலவு, அவ்வளவுதான். பக்கத்துத் தோலை இழுத்து மூடிவிட்ட பிறகு 'விளிம்பில் புற்று இருக்கிறது' என்று ரிப்போர்ட் வந்தால், எந்த இடத்தில் மிச்சம் என்று தேடுவதே பெரும்பாடு. எந்த ஊரில் செய்தாலும் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: "விளிம்பு ரிப்போர்ட் எப்போ வரும்? அதுக்கு முன்னாடியே தைப்பீங்களா?" இப்படிக் கேட்டதற்காக நல்ல டாக்டர் யாரும் கோபப்பட மாட்டார்.

அண்டி ஆபீசில் (முந்திரி ஆலை) வேலை. கன்னத்து மறுவில் கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) பால் தொட்டு வைத்தேன். உதிர்ந்தது, ஆனா ரெண்டு வருஷமா புண் ஆறல்ல. மோஸே களிம்பிலதான் தொடங்குச்சாமே? (கருங்கல்)

உடனே பயாப்சி. இந்த வாரமே. அந்தப் பால் தோலைச் சுட்டுப் பொசுக்கும். மேலே இருப்பது உதிரும், அடியில் புற்று இருந்தால் அது தழும்புக்குக் கீழே ஒளிந்து வளரும். சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைப்பதற்கும் இதே பதில்தான்.

மோஸே களிம்பில்தான் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் மோஸ் 1930-களில் துத்தநாக குளோரைடு களிம்பைத் தடவி, சதையை இருந்த இடத்திலேயே பதப்படுத்தி, பிறகு வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். குணமாக்கியது களிம்பு அல்ல. வெட்டியதும், விளிம்பு முழுக்கப் பார்த்ததும்தான் குணமாக்கின. வலியும் தாமதமும் அதிகம் என்பதால் இப்போது களிம்பையே கைவிட்டாயிற்று.

அம்மாவுக்குச் சின்ன வயசில் காலில் தீப்பட்ட தழும்பு. அதில் இப்ப பூப்போல ஒரு புண், நாற்றம் வேற. மோஸ் செய்யலாமா? (மார்த்தாண்டம்)

பழைய தீத்தழும்பில் பல வருடம் கழித்து வருகிற புற்றுக்கு மார்ஜோலின் புண் என்று பெயர். பெரும்பாலும் ஸ்குவாமஸ் செல் என்ற இன்னொரு வகைத் தோல் புற்று. பேசல் செல் போல அல்ல, இது நெறிகட்டி வழியே பரவக்கூடியது. தொடையிடுக்கில் கட்டி இருக்கிறதா, எலும்பைத் தொட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மோஸா வேறா என்பது அதற்குப் பிறகு. புற்றுநோய் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். உள்ளங்காலில் கறுப்புத் தடம் பரவுவதாக எழுதிய தோவாளைக்காரருக்கும் இதையே சொல்வேன். அது மெலனோமா என்ற, வேகமாகப் பரவக்கூடிய தோல் புற்றாக இருந்தால் அவசரம்.

மணவாளக்குறிச்சி மணலால் தோல் புற்று வருமா?

அந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீசும் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சும் வழக்கத்தைவிட அதிகம். இதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படவில்லை. கடலோரத்தில் முகத்துக்குப் பெரிய எதிரி வெயில்தான். தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயிலும் அதில் சேர்த்தி. அகலமான தொப்பி வாங்கிக் கொடுங்கள்.

கத்தி பட்டா பரவும்னு பாட்டி வர மாட்டேங்கா. ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாத மாத்திரையும் சாப்பிடுகா. எத்தனை நாள் தங்கணும்? (முட்டம்)

கத்தி பட்டுப் பரவுவதில்லை. முற்றிய பிறகு அறுத்து, பிறகு மோசமானவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு கிளம்பியது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த அறுவைக்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை, ஆனால் அது என்ன மாத்திரை என்று சீட்டோடு காட்டுங்கள். வார்ஃபரின் என்றால், ரத்தம் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் ரத்தச் சோதனை பார்ப்பார்கள். முழு மயக்கம் கிடையாது என்பதால் பொதுவாக அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டி வரலாம். காலையில் சாப்பிட்டுவிட்டே வரலாமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வரலாம் என்றே சொல்வார்கள். கூட ஒருவர் வரட்டும், மதியச் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.