எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், தம்பி

தம்பி, நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். ஸ்பெயினில், சலமான்காவில் முதுகலை சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வாடகைக்கு இருக்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, "உள்நாட்டுப் போரில் உங்கள் குடும்பம் எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கார அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். "நான் என்ன தப்பாகக் கேட்டேன் அக்கா? இவர்களைப் புரிந்துகொள்ள எதைப் படிக்கலாம்?" என்கிறீர்கள்.

முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பின் மேசையை விட்டு எழாமல் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பதற்கு இங்கே சொப்ரெமேசா என்று பேர். அதுவரைக்கும் உங்களை உட்காரவைத்தார் என்றால் அந்த அம்மாவுக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. எழுந்து போனது கோபத்தில் இருக்காது. "எந்தப் பக்கம்" என்பதற்குப் பல வீடுகளில் ஒரே பதில் கிடையாது. அந்தக் கோடு ஒரே வீட்டின் கூடத்துக்குள் ஓடியது.

மச்சாதோ சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மானுவேல், அந்தோனியோ இருவருமே கவிஞர்கள், சேர்ந்து உட்கார்ந்து நாடகம் எழுதியவர்கள். 1936 ஜூலையில் ராணுவம் குடியரசை எதிர்த்து எழுந்து போர் வெடித்தபோது மானுவேல் புர்கோஸில் மாட்டிக்கொண்டு, ராணுவத் தளபதி பிராங்கோவின் பக்கம் எழுதினார். அந்தோனியோ குடியரசின் பக்கம் நின்றார். 1939 ஜனவரியில் வயதான தாயைக் கூட்டிக்கொண்டு, லட்சக்கணக்கான அகதிகளோடு பிரான்ஸ் எல்லையைத் தாண்டினார். பிப்ரவரி 22 அன்று கொலியூர் என்ற கடற்கரை ஊரில் இறந்தார். மூன்றாம் நாள் தாயும் போய்விட்டார். அந்தோனியோவின் கோட்டுப் பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அதில் சின்ன வயதின் நீல நாட்களையும் வெயிலையும் பற்றி ஒரு வரி. மானுவேல் போய்ச் சேர்ந்தபோது பார்க்கக் கிடைத்தது கல்லறைதான். இந்தக் குடும்பத்திடம் போய் எந்தப் பக்கம் என்று எப்படிக் கேட்பது?

நானும் இதே தப்பைச் செய்தவள்தான். 2006-இல் இந்த ஊருக்கு வந்தேன். எதிர்வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார், அப்போது எழுபத்தாறு வயது. இரண்டு வருஷம் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் பழைய கதை, மகளே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிறகு ஒரு தடவை ஊருக்குப் போய்த் திரும்பும்போது காபிப் பொடி கொண்டுவந்தேன், சிக்கரி கலந்தது. பாட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டிகாக்‌ஷன் இறக்கி, பாலைச் சுண்டக் காய்ச்சி, நுரைபொங்க ஆற்றி, டபராவோடு கொடுத்தேன். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். "அச்சிகோரியா" என்றார். சிக்கரிக்கு ஸ்பானிஷில் அதுதான் பேர். டம்ளரைத் திரும்ப டபராவுக்குள் வைத்தார். இரண்டு விரலால் என் பக்கம் மெல்லத் தள்ளினார். "இதைச் சின்ன வயதில் வருஷக்கணக்காகக் குடித்தாயிற்று. போதும்."

போருக்குப் பிந்தைய அந்தக் காலத்தைப் பசி வருஷங்கள் என்றே இங்கே சொல்கிறார்கள். ரேஷன் அட்டை 1939-இல் வந்தது, 1952 வரைக்கும் இருந்தது. நல்ல காபியும் வெள்ளை ரொட்டியும் கள்ளச்சந்தையில்தான். காசில்லாதவர்கள் சிக்கரி வேரை வறுத்துப் பொடித்துக் கஷாயமாகக் குடித்தார்கள். எனக்கு எங்கள் வீட்டு அடுப்படி வாசமாக இருப்பது அவருக்குப் பட்டினியின் வாசமாக இருந்தது. அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே பேசினார். அப்பாவின் தம்பி கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். 1936 ஆகஸ்டில் ஒரு ராத்திரி வந்து கூட்டிப்போனார்கள், திரும்பவில்லை. மறுநாள் காலையில் அம்மா பாட்டியின் தலையை வாரிக்கொண்டே, இனிமேல் சித்தப்பா பேரை வாசலுக்கு வெளியே சொல்லக்கூடாது என்றாராம். பாட்டிக்கு அப்போது ஆறு வயது.

ஏன் வாத்தியார் என்று கேட்பீர்கள். 1931 ஏப்ரல் 14-இல் பிறந்த குடியரசு பள்ளிக்கூடத்தைத்தான் முதலில் நம்பியது. மாணவர்களும் ஆசிரியர்களும் புத்தகப் பெட்டி, சினிமாக் கருவி, பெரிய ஓவியங்களின் நகல்கள் எல்லாவற்றையும் கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு மலைக் கிராமங்களுக்குப் போனார்கள். கவிஞர் லோர்கா மாணவர் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பழைய நாடகங்களைப் போட்டதும் அந்த வருஷங்களில்தான். பிராங்கோ பக்கம் ஜெயித்த இடங்களில் வாத்தியார்கள் மேல் அப்படிப் பாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். லோர்காவை 1936 ஆகஸ்டில் கிரனாதா அருகே சுட்டுக் கொன்றார்கள். இன்றுவரை உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். போரில் ஜெயித்து நாட்டை ஆண்ட பிராங்கோ 1975 நவம்பர் 20-இல் இறந்த பிறகு, 1977 அக்டோபரில் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. சிறையில் இருந்த அரசியல் கைதிகள் அதனால் வெளியே வந்தார்கள். கொன்றவர்களும் அதே சட்டத்தால் கேள்வி இல்லாமல் தப்பித்தார்கள். அந்த நேரத்தில் மறுபடி ரத்தம் சிந்தாமல் மக்களாட்சிக்கு வருவதற்கு வேறு வழி இருந்திருக்காது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால், பாட்டி மாதிரி ஆட்கள்தான் கொடுத்தார்கள். 2000-இல் லெயோன் மாகாணத்தில் பிரியரான்சா என்ற ஊரில், ஒரு பேரன் தன் தாத்தாவைத் தேடி சாலையோரக் குழியைத் தோண்டவைத்து பதின்மூன்று பேரின் எலும்புகளை எடுத்த பிறகுதான் நாடு பேச ஆரம்பித்தது. இதற்காக 2007-இல் ஒரு சட்டம், 2022-இல் இன்னொரு சட்டம். தேடும் பொறுப்பு அரசாங்கத்துடையது என்று ஆனது இந்த இரண்டாவதில்தான்.

நீங்கள் இருக்கும் ஊருக்கு வருவோம். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் விழா மண்டபம் இருக்கிறது. மிகேல் தே உனாமுனோ, நாவலாசிரியர், தத்துவவாதி, இந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். சர்வாதிகாரி பிரிமோ தே ரிவேரா 1924-இல் அவரைத் தீவுக்கு நாடுகடத்தினார். 1931-இல் பிளாசா மயோர் சதுக்கத்தில் நகராட்சி மாடத்தில் நின்று குடியரசை அறிவித்தவர் அவர்தான். 1936-இல் ராணுவம் எழுந்தபோது அதே மனிதர் ராணுவத்தை ஆதரித்தார். குழப்பத்தை அடக்கிக் குடியரசைச் சீர்செய்வார்கள் என்று நம்பினார். சில நாளிலேயே அவருடைய நண்பர், மருத்துவர், ஊரின் மேயர் காஸ்தோ பிரியேதோவைக் கொன்றுவிட்டார்கள். ஒவ்வொரு நண்பராகக் காணாமல் போனார்கள்.

அக்டோபர் 12. விழா மண்டபத்தில் கூட்டம். பிராங்கோவின் மனைவி, பிஷப், ஒரு கையும் ஒரு கண்ணும் இழந்த தளபதி மியான் அஸ்திராய் எல்லோரும் மேடையில். சிறையில் கிடந்த ஒரு புரொட்டஸ்டண்ட் போதகரின் மனைவி உதவி கேட்டு எழுதிய கடிதம் உனாமுனோவின் சட்டைப்பையில் இருந்தது. மற்றவர்கள் வெறுப்பைக் கக்கிக்கொண்டிருந்தபோது அதே கடிதத்தின் மேல் கிறுக்கலாகக் குறிப்பெடுத்தார். எழுந்து பேசினார். ஜெயிப்பது வேறு, மனசை ஜெயிப்பது வேறு என்பது சாரம். ஸ்பானிஷில் அந்த இரண்டு வினைச்சொற்களும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். நீங்கள் எங்கும் பார்க்கப்போகும் அந்த நீண்ட, அழகான உரை, கூட்டத்தில் இல்லாத ஒருவர் 1941-இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக எழுதியது. அதை வார்த்தைக்கு வார்த்தை நம்பாதீர்கள். அந்தக் கடிதத்தில் உள்ள கிறுக்கலை நம்புங்கள். எனக்கு அந்த உரையைவிட அதுதான் நெஞ்சை அடைக்கிறது. போதகரை டிசம்பரில் சுட்டார்கள். பதவி பறிபோய், வீட்டுக்குள் முடங்கி, டிசம்பர் 31 அன்று உனாமுனோவும் இறந்தார். தான் தப்பாக நம்பியதைத் தன்னைக் கொல்லக்கூடியவர்கள் முன்னால் திருத்திக்கொண்ட மனிதர் என்பதால் எனக்கு அவர் மேல் மரியாதை குறைவதே இல்லை. இதே பிளாசா மயோரில் கல்லில் செதுக்கிய பிராங்கோவின் முகம் 2017 வரைக்கும் இருந்தது. எடுத்த வருஷம் நான் இங்கேதான் இருந்தேன்.

இனி படிப்பு. ஸ்பானிஷ் இன்னும் திக்கித் திணறுகிறது என்கிறீர்கள், பரவாயில்லை. கார்மென் லாஃபொரேத்தின் "நாதா"விலிருந்து தொடங்குங்கள். "ஒன்றுமில்லை" என்று அர்த்தம். 1944-இல் நதால் பரிசின் முதல் வருஷத்திலேயே வாங்கிய நாவல், எழுதியவருக்கு இருபத்து மூன்று வயது. படிக்க வந்த ஒரு பெண் நள்ளிரவில் பார்சலோனா ரயில் நிலையத்தில் இறங்குகிறாள், கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை. நானும் அப்படி ஒரு ராத்திரியில் இறங்கியவள் என்பதால் முதல் பக்கத்திலேயே அழுதேன். போரைப் பற்றி நேராக அதிகம் பேசாது. ஆனால் அந்த வீட்டின் பசி, கத்தல், விற்றுத் தீர்ந்த சாமான்கள் எல்லாம் போர்தான். தணிக்கை அப்படி இருந்தது. கமிலோ ஹொசே செலா தானே தணிக்கை வேலை பார்த்தவர். பசி வருஷங்களின் மத்ரித்தை எழுதிய அவருடைய "லா கொல்மேனா" 1951-இல் புவெனஸ் அயர்ஸில்தான் வெளிவர முடிந்தது. ஆகவே அந்தக் காலத்து நாவலைக் கையில் எடுத்தால், என்ன எழுதவில்லை என்று தேடிக்கொண்டே படியுங்கள். உங்கள் வீட்டுக்கார அம்மாவையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

அடுத்து கார்மென் மார்த்தின் கைத்தே. சலமான்காவில் பிறந்தவர். ஜன்னல் திரைகளுக்கு நடுவிலிருந்து உலகைப் பார்க்கும் பெண்களைப் பற்றி 1957-இல் எழுதிய நாவலில் ஊர் பேர் இருக்காது. தெருவும் குளிரும் இந்த ஊர்தான் என்று நாலு பக்கத்தில் தெரிந்துவிடும். தத்துவவாதி ஒர்தேகா இ கஸேத் பெரிய மூளை, பல்கலைக்கழகத்தில் எப்படியும் தருவார்கள். அவருடைய மாணவி மரியா சம்பிரானோவைத் தேடிப் போங்கள். 1939-இல் போனவர், 1984-இல்தான் திரும்பினார். நாடு இழந்தவர்கள் யோசிப்பது எப்படி இருக்கும் என்பது அவர் எழுத்தில் இருக்கிறது.

ஏதாவது தொலைந்தால், நஷ்டமானால் உங்கள் வீட்டுக்கார அம்மா "கூபாவில் இதைவிட அதிகம் இழந்தோம்" என்பார். அது 1898. அமெரிக்காவிடம் தோற்று கூபா, புவெர்த்தோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் மூன்றும் போன வருஷம். நமக்கு என்ன ஆயிற்று என்று உனாமுனோ தலைமுறை எழுதியதில் அந்தத் தோல்விக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொன்றும் நடக்கும். நீங்கள் இந்தியர் என்றதும் வயதானவர்கள் "தாகோர்!" என்பார்கள். கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமேனெஸும் மனைவி செனோபியாவும் 1915 முதல் தாகூரை ஸ்பானிஷில் கொண்டுவந்தவர்கள். போர் அவர்களையும் துரத்தியது. 1956-இல் அவருக்கு நோபல் அறிவித்த மூன்றாம் நாள் செனோபியா இறந்தார்.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். சுவரெல்லாம் கல் சிப்பி பதித்த வீடு பார்த்திருப்பீர்களே, அதற்குள் பொது நூலகம் இருக்கிறது. அட்டை இலவசம்.

வீட்டுக்கார அம்மாவிடம் மன்னிப்பு என்று பெரிதாக ஆரம்பிக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு அடுக்களையில் பாத்திரம் துடைத்துக் கொடுங்கள். "உங்கள் அம்மா என்ன சமைப்பார், பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எதிர்வீட்டுப் பாட்டியின் கதை பாக்கி இருக்கிறது. பிராங்கோவின் ஆட்கள், யாரைத் தண்டிக்கலாம் என்று பார்ப்பதற்காகக் கைப்பற்றிய காகிதங்களை எல்லாம் இந்த ஊரில்தான் குவித்தார்கள். அது இன்று ஆவணக் காப்பகம். 2011-இல் பாட்டியை அங்கே கூட்டிப்போனேன். ஆசிரியர் சங்கப் பட்டியல் ஒன்றில் சித்தப்பாவின் பேர் தட்டச்சில் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, எழுத்துக் கூட்டுவதுபோல் அந்தப் பேரைச் சத்தமாகப் படித்தார். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பாட்டி அவரைப் பார்த்து இன்னொரு தடவை படித்தார்.

இப்போது பாட்டி இல்லை. டிசம்பர் 31 அன்று பொர்தாதோரெஸ் தெருவில் உனாமுனோ சிலைக்குப் பூ வைப்பார்கள். வருஷா வருஷம் போவேன், பாட்டியோடு போய்ப் பழகிய பழக்கம். ஊருக்குப் போகவில்லை என்றால் வாருங்கள் தம்பி. தடிமனான கோட்டு போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தெருவில் காற்று குத்தும். அப்புறம் என் வீட்டில் சாப்பாடு. புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவு மணிக்கு, இங்கத்திய வழக்கப்படி, பன்னிரண்டு திராட்சை. சிக்கரி இல்லாத காபி.