கான்களும் கான்சல்களும்: போர்க்காலப் பாரசீகம் பற்றிக் கேள்வி பதில்

முதல் உலகப் போரில் பாரசீகம் (இன்றைய ஈரான்) 1914 நவம்பரில் நடுநிலை அறிவித்த நாடு. ஆனாலும் ஆங்கிலேயர், ரஷ்யர், துருக்கியர், ஜெர்மானியர் என எல்லோரும் அதன் மண்ணில் மோதிக்கொண்டார்கள். தெற்குப் பாரசீகத்துப் பழங்குடிகளோடும் அவர்களின் தலைவர்களான கான்களோடும் பிரிட்டன் நடத்திய பேரத்தையும் போரையும் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, டெஹ்ரானில் ஓர் அரசு இருந்ததே? அதை விட்டுவிட்டுப் பிரிட்டன் ஏன் மலைக் கான்களிடம் போய்ப் பேசியது?

டெஹ்ரானின் ஆணை தெற்கே செல்லுபடியாகவில்லை என்பதுதான் முதல் காரணம். கஜானா காலி. மன்னர் அகமத் ஷா பதின்வயது இளைஞர். தெற்கில் குதிரையும் துப்பாக்கியும் வைத்திருந்தவர்கள் பழங்குடிகள்தான். ஷிராஸைச் சுற்றிக் கஷ்காய்கள், கிழக்கே கம்சே கூட்டமைப்பு, வடமேற்கு மலைகளில் பக்தியாரிகள், புஷேர் துறைமுகத்துக்குப் பின்னால் தங்கிஸ்தானிகள், காரூன் ஆற்று முகத்தில் அரபு ஷேக் கஸ்ஆல். புஷேரிலிருந்து ஷிராஸுக்கு ஒரு மூட்டை துணி போக வேண்டுமென்றால் வழிநெடுகிலும் கான்களுக்குச் சுங்கம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் கணவாயில் துப்பாக்கிதான் பேசும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிட்டனே ஒரு குரலில் பேசவில்லை. டெஹ்ரான் தூதர் லண்டனுக்குக் கட்டுப்பட்டவர். புஷேரில் இருந்த ரெசிடென்ட், அதாவது வளைகுடாவுக்கான அரசியல் பிரதிநிதி, பிரிட்டிஷ் இந்திய அரசின் கீழ் வேலை பார்த்தவர். தூதர் ஷாவின் அரசைத் தாங்கிப் பிடிக்கப் பார்ப்பார். ரெசிடென்டோ உள்ளூர் ஷேக்குக்கு உறுதிமொழிக் கடிதம் கொடுத்துக்கொண்டிருப்பார். இந்த முரண்பாடு கடைசிவரை தீரவே இல்லை.

கேள்வி: எண்ணெய்க்காகத்தான் எல்லாமே என்கிறார்கள். சரியா?

காரூன் பகுதியைப் பொறுத்தவரை சரி. ஷிராஸைத் தலைநகராகக் கொண்ட ஃபார்ஸ் மாகாணத்துக்கு அது பொருந்தாது. அங்கே வணிகப் பாதை, தந்திக் கம்பி, ஜெர்மானியரைத் தடுப்பது ஆகியவைதான் முக்கியம்.

எண்ணெய்க் கதை 1905-ல் தொடங்குகிறது. எண்ணெய் இருக்கிறதா என்றே தெரியாத காலத்தில் பக்தியாரி கான்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தங்கள் நிலத்தில் இயங்கும் நிறுவனத்தில் கான்களுக்கு 3 சதவீதப் பங்கு, காவலுக்கு ஆண்டுதோறும் பணம். 1908 மே மாதம் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. 1909-ல் அபாதான் சுத்திகரிப்பு ஆலைக்கு நிலம் தந்தவர் ஷேக் கஸ்ஆல், ஆண்டு வாடகை 650 பவுன். 1914-ல் பிரிட்டிஷ் அரசே ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கை வாங்கிவிட்டது. கடற்படைக் கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது.

கிணற்றிலிருந்து ஆலைவரை 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய். அதன் காவல் முழுக்கப் பழங்குடிகள் கையில். 1915 பிப்ரவரியில் துருக்கியர் அஹ்வாஸ் பக்கம் வந்தபோது, ஷேக்கின் ஆட்சிக்கு உட்பட்ட பாவி என்ற அரபுக் குலத்தார் குழாயை உடைத்தார்கள். எண்ணெய் மீண்டும் சீராக ஓடப் பல மாதங்கள் ஆயின. ஷேக் பிரிட்டனின் நண்பர்தான். ஆனால் ஷேக்கை விலைக்கு வாங்கினால் அவர்மேல் கோபமாக இருக்கும் குலங்களும் சேர்ந்து வந்துவிடுமா? வரவில்லை. அந்தப் போர் முழுக்க பிரிட்டன் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

கேள்வி: 'ஜெர்மன் லாரன்ஸ்' என்று வாஸ்முஸைச் சொல்கிறார்களே, அவர் அவ்வளவு பெரிய ஆளா?

லாரன்ஸ் என்பவர் அரபுப் பழங்குடிகளைத் துருக்கியருக்கு எதிராகத் திரட்டிய பிரிட்டிஷ் அதிகாரி. வில்ஹெல்ம் வாஸ்முஸ் போருக்கு முன் புஷேரில் ஜெர்மன் கான்சல், அதாவது அந்த நாட்டின் தூதரகப் பிரதிநிதி. மொழியும் தெரியும், மனிதர்களையும் தெரியும். 1915 தொடக்கத்தில் திரும்பி வந்தபோது பெஹ்பஹான் அருகே பிடிபட்டு இரவோடு இரவாகத் தப்பினார், சாமான்கள் மட்டும் மாட்டிக்கொண்டன. அந்தச் சாமானில் இருந்த சங்கேதப் புத்தகம்தான் பிறகு சிம்மர்மன் தந்தியை (மெக்சிகோவைத் தன் பக்கம் இழுக்க 1917-ல் ஜெர்மனி அனுப்பிய ரகசியச் செய்தி) உடைக்க உதவியது என்று ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை, நானும் நம்பவில்லை.

அவர் இல்லாவிட்டால் தங்கிஸ்தான் அமைதியாக இருந்திருக்கும் என்று அன்றைய பிரிட்டிஷ் அதிகாரிகள் எழுதினார்கள். இதை நான் கடுமையாக மறுக்கிறேன். வளைகுடாவில் நடந்த துப்பாக்கி வணிகத்தைப் பிரிட்டிஷ் கடற்படை போருக்கு முன்பே நெரித்துவிட்டது. கடற்கரைக் கான்களின் வருமானத்தில் கைவைத்த பிறகு அவர்களுக்குச் சினம் மூட்ட ஜெர்மானியர் வர வேண்டியதில்லை. அவர்களிடம் ஏற்கெனவே இருந்த பகைக்கு வாஸ்முஸ் பணமும் ஒழுங்கும் ஒரு பெரிய போரின் பின்னணியும் கொடுத்தார், அவ்வளவுதான்.

அவருடைய முடிவு என்னை மிகவும் பாதித்த ஒன்று. போருக்குப் பிறகு 1924-ல் அதே கடற்கரைக்குத் திரும்பி வந்தார். கான்களுக்கு வாக்களித்த பணத்தைப் பெர்லின் தரவில்லை என்பதால், நிலம் வாங்கி விவசாயம் செய்து அந்தக் கடனை அடைக்கப் பார்த்தார். முடியவில்லை. 1931-ல் பெர்லினில் இறந்தார்.

கேள்வி: ரயீஸ் அலி தெல்வாரி பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள் அண்ணா.

தங்கிஸ்தானில் தெல்வார் என்ற கடற்கரை ஊரின் தலைவர். 1915 ஜூலையில் புஷேர் அருகே நடந்த மோதலில் இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் கொல்லப்பட, ஆகஸ்ட் 8 அன்று பிரிட்டன் புஷேரைக் கைப்பற்றியது. அதே மாதம் கப்பல் பீரங்கிகளோடு தெல்வாரையும் தாக்கினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் அவர் கொல்லப்பட்டார். சொந்த அணியில் இருந்த ஒருவனே பின்னாலிருந்து சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அப்போது வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது. இன்றும் ஈரானில் அவர் இறந்த நாளை பிரிட்டிஷ் ஆதிக்க எதிர்ப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

கேள்வி: தெற்குப் பாரசீக ரைபிள் படையில் இருந்தவர்கள் பாரசீகர்களா, இந்தியர்களா? கஷ்காய்கள் ஏன் அதை அவ்வளவு வெறுத்தார்கள்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1915 நவம்பரில் ஷிராஸில் ஸ்வீடன் அதிகாரிகளின் கீழ் இருந்த பாரசீக ஜாந்தார்ம் என்ற சாலைக் காவல் படை ஜெர்மன் பக்கம் சாய்ந்தது. பிரிட்டிஷ் கான்சல் ஓ'கானரையும் அங்கிருந்த ஆங்கிலேயர்களையும் கைது செய்தது. பெண்களை விடுவித்துவிட்டு ஆண்களை அஹ்ரம் கோட்டையில் பல மாதம் வைத்திருந்தார்கள். அதன் பிறகுதான் 1916 மார்ச்சில் பிரிட்டிஷ் அதிகாரி சர் பெர்சி சைக்ஸ் ஒரு சில அதிகாரிகளோடும் சிறு இந்தியக் காவலோடும் பந்தர் அப்பாஸில் இறங்கி இந்த ரைபிள் படைக்கு உள்ளூர் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினார். கெர்மான், யஸ்த், இஸ்பஹான் சுற்றி நவம்பரில் ஷிராஸ் வந்து சேர்ந்தார். அங்கே எஞ்சியிருந்த ஜாந்தார்ம் ஆட்களையும் தன் படையிலேயே சேர்த்துக்கொண்டார். சில மாதம் முன்பு ஆங்கிலேயரைப் பிடித்து வைத்த அதே படையின் ஆட்கள்! சிப்பாய்கள் பாரசீகர்கள், மேலே பிரிட்டிஷ் அதிகாரிகள், பக்கபலமாகத் தனி இந்தியத் துருப்புகள். இப்படிப் பல ஆயிரம் பேர் கொண்ட படையாக அது வளர்ந்தது.

கஷ்காய்களின் இல்கானி, அதாவது தலைமைக் கான், சவ்லத் அத்-தவ்லேயோடு சைக்ஸ் 1917-ல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். ஆனால் அதே நேரத்தில் பிரிட்டனின் நெருங்கிய நண்பர் யார் தெரியுமா? கம்சே கூட்டமைப்பின் தலைவர் கவாம். ஷிராஸ் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த கவாம்களிடம் கஷ்காய்களுக்கு எதிர் எடையாக இருக்கட்டும் என்றே 1860-களில் ஐந்து குலங்களைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். கவாமை உயர்த்தும் எந்தக் கையும் கஷ்காய்க்குப் பகைக் கைதான். அதோடு இந்தப் புதிய படையின் காவல் நிலையங்கள் அவர்கள் ஆண்டுக்கு இருமுறை மந்தையோடு இடம்பெயரும் வழியிலும், சுங்கம் வாங்கிய சாலையிலும் முளைத்தன. 1918-ல் டெஹ்ரான் அரசே இது அந்நியப் படை என்று சொல்லிவிட்டது. சவ்லத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

1918 மே மாதம் போர் வெடித்தது. ஷிராஸுக்கு மேற்கே கானே ஸெனியான் நிலையத்தில் இருந்த பாரசீகச் சிப்பாய்கள் தங்கள் பிரிட்டிஷ் அதிகாரியையே கொன்றுவிட்டு நிலையத்தைக் கஷ்காய்களிடம் ஒப்படைத்தார்கள். ஷிராஸ் முற்றுகைக்குள்ளானது. ரைபிள் படையைப் பெரிதும் நம்ப முடியாத நிலையில் நகரைக் காத்தது இந்தியத் துருப்புகள்தான். அப்புறம் நிலைமையைத் திருப்பியது பழைய அரசியல் தந்திரம். மாகாண ஆளுநர் ஃபர்மான்ஃபர்மா சவ்லத்தைப் பதவி நீக்கி, அவருடைய சகோதரர் சர்தார் எஹ்தெஷாமை இல்கானி ஆக்கினார். கவாமும் தன் ஆட்களோடு பிரிட்டன் பக்கம் வந்தார். கஷ்காய் அணி உடைந்தது. அக்டோபர் மாதம் இன்ஃபுளுயன்சா என்ற விஷக் காய்ச்சல் வந்து கூடாரங்களை வாரிக்கொண்டு போனது. ஷிராஸின் 50,000 பேரில் 10,000 பேர் இறந்ததாக சைக்ஸ் பிறகு எழுதினார். ரைபிள் படை 1921-ல் கலைக்கப்பட்டது.

கேள்வி: ஜாலியன்வாலா பாக் டயர் பாரசீகத்திலும் இருந்தாரா?

ஆம், அதே ரெஜினால்ட் டயர்தான். ஜெர்மன் குழுக்கள் பாரசீகம் வழியாக ஆப்கானிஸ்தானுக்குள் நுழைவதைத் தடுக்கக் கிழக்கு எல்லையில் ஒரு காவல் வரிசை அமைத்திருந்தார்கள். 1916-ல் டயர் அங்கே அனுப்பப்பட்டார். சர்ஹத் பகுதி பலூச் குலங்கள் பிரிட்டிஷ் ஒட்டக அணிகளைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தன. பெரும்படை வருகிறது என்று வதந்தியைப் பரப்பி, கைவிரல் விட்டு எண்ணும்படியான ஆட்களை வைத்துக்கொண்டே தலைவர்களைப் பணிய வைத்ததாக அவரே பின்னாளில் பெருமையாக எழுதினார். கூட்டத்தை அச்சத்தால் அடக்கலாம் என்ற அவருடைய நம்பிக்கைக்கு சர்ஹத் உரம் போட்டது என்றே நான் கருதுகிறேன். அமிர்தசரஸ் நடந்தது மூன்றே ஆண்டுகள் கழித்து.

கேள்வி: இதில் பெண்களே இல்லையா?

பீபீ மர்யம் பக்தியாரியைத் தேடிப் படியுங்கள். மூத்த பக்தியாரி கான்கள் எண்ணெய்ப் பங்கு வாங்கிக்கொண்டு பிரிட்டன் பக்கம் நின்றபோது, இவர் தன் ஆட்களோடு எதிர்ப் பக்கம் நின்றார். ரஷ்யர்களிடமிருந்து தப்பி ஓடிய ஜெர்மன் தூதரக அதிகாரிக்கு அடைக்கலம் தந்ததற்காக ஜெர்மன் கைசர் இவருக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் அளித்தார். இஸ்பஹானில் இருந்த இவருடைய வீடு சூறையாடப்பட்டது. ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரு அணி என்பது பக்தியாரிகளிடம் சாதாரணம்.

கேள்வி: கொடுத்த வாக்கைப் பிரிட்டன் காப்பாற்றியதா?

ஷேக் கஸ்ஆலைப் பாருங்கள். 1910-லும் 1914-லும் எழுத்தில் உறுதிமொழி, சர் பட்டம், மரியாதை எல்லாம் கிடைத்தன. 1924-ல், பின்னாளில் ரேஸா ஷா என்று மன்னரான ரேஸா கான் படையோடு தெற்கே வந்தபோது லண்டனுக்கு வலுவான டெஹ்ரான்தான் தேவைப்பட்டது. 1925-ல் ஷேக்கைப் பிடித்து டெஹ்ரானுக்குக் கொண்டுபோனார்கள். 1936-ல் அங்கேயே காவலில் இறந்தார். எழுதிக் கொடுத்த காகிதத்தை யாரும் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. இதை எந்தச் சமாதானம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

கேள்வி: இரண்டாம் உலகப் போரிலும் இதே கதையா?

ஏறக்குறைய. சவ்லத் 1933-ல் ரேஸா ஷாவின் சிறையில் இறந்தார். 1941 ஆகஸ்டில் பிரிட்டனும் சோவியத்தும் ஈரானுக்குள் நுழைந்து ஷா விலகியதும், சவ்லத்தின் மகன் நாஸிர் கான் மலைக்குத் திரும்பிக் கஷ்காய்களைத் திரட்டினார். ஷூல்ட்ஸ்-ஹோல்துஸ் என்ற ஜெர்மன் உளவு அதிகாரி அவரிடம் தங்கினார். 1943 ஜூலையில் செமிரோமில் ஈரான் ராணுவத்தின் முகாம் ஒன்றையே கஷ்காய்களும் போயர் அஹ்மதி என்ற அண்டைப் பழங்குடியினரும் சேர்ந்து அழித்தார்கள். இந்த முறை பிரிட்டன் பேரத்தைப் பொறுமையாக நடத்தியது. நாஸிர் கானின் இரண்டு தம்பிகள் அதன் கையில் இருந்தார்கள். 1944-ல் தம்பிகள் வீடு திரும்ப, ஜெர்மானியர்கள் ஒப்படைக்கப்பட்டார்கள்.

கேள்வி: தாத்தாவின் தபால்தலை ஆல்பத்தில் 'புஷேர், பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பின் கீழ்' என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்திய பாரசீகத் தலை ஒன்று இருக்கிறது. உண்மையானதா?

அப்படிப்பட்ட தலைகள் நிஜமாகவே வெளிவந்தன. 1915 ஆகஸ்டிலிருந்து அக்டோபர்வரை, புஷேர் பிரிட்டன் கையில் இருந்த சில வாரங்களில், அகமத் ஷா படம் போட்ட தலைகள்மேல் அந்த வாசகத்தை அச்சிட்டு விற்றார்கள். குறைந்த காலம் புழங்கியதால் விலை அதிகம், அதனாலேயே போலிகளும் ஏராளம். விற்கிற எண்ணம் இருந்தால், பாரசீகத் தலைகளில் தேர்ந்த ஒருவரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கிய பிறகு விலை பேசுங்கள். அதுவரை ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுக்க வேண்டாம்.